லயம் முழுக்கக் கேட்ட ஸ்தோத்திரம்

எங்கள் லயத்தின் சுவர்கள் கூரை வரைக்கும் போவதில்லை. கட்டிய புண்ணியவான் தகரம் வாங்கும்போது தாராளமாக இருந்திருக்கிறான், சுவர் எழுப்பும்போது கை சுருங்கிவிட்டது. பத்துக் குடும்பத்துக்குப் பத்துக் காம்பரா, ஒற்றை அறை வீடுகள், வரிசையாக இருக்கும். நடுச்சுவர் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு முழம் போய் அப்படியே நின்றுவிடும். அதற்கு மேலே எல்லாருக்கும் ஒரே கூரை, ஒரே புகை. ஒரு வீட்டில் கருவாடு சுட்டால் அந்த வாசத்திலேயே மற்ற ஒன்பது வீடும் சோறு உண்ணலாம். புருஷன் பெண்சாதி சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று மறுநாள் கொழுந்து மலையில் தீர்ப்பு வந்துவிடும். சுவருக்கும் காது உண்டு என்று மற்ற ஊர்களில் சொல்வார்கள். எங்கள் சுவருக்குக் காது எதற்கு, தலையே இல்லையே.

எங்கள் காம்பராவுக்கு அடுத்த காம்பராவில் யேசுரட்ணம் அண்ணன் இருந்தார். நான் வாழ்க்கைப்பட்டு வந்த காலத்தில், கொட்டகலைக்கு மேலே இருக்கிற எங்கள் தோட்டத்தில் அவரைப்போலக் கவ்வாத்து வெட்ட ஆள் இல்லை. முதிர்ந்த தேயிலைச் செடியை மட்டமாக வெட்டிவிடுகிற வேலை அது. கத்தி கொஞ்சம் சறுக்கினால் செடி கிழியும், இல்லாவிட்டால் கால் கிழியும். அவர் வெட்டிவிட்டுப் போன மலை, எண்ணெய் வைத்துச் சீவிய தலை மாதிரி இருக்கும். குரலும் வெண்கலக் குரல். தோட்டத்துச் சின்னத் தேவாலயத்தில் அவர் பாட்டு எடுத்தால் மாரியம்மன் கோயில் பூசாரிகூட வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போவார்.

கெட்டது ஒன்றே ஒன்று, குடி. சம்பள நாளில் தவறணைக்குப் போன மனுஷன் சொந்தக் காலில் வீடு திரும்பியதை நான் பார்த்ததில்லை. யாராவது தூக்கி வருவார்கள், அல்லது சாக்கடைக் கானில் கிடப்பார். விடிந்ததும் பெண்சாதி றோசலின் அக்கா காலில் விழுந்து, இனிமேல் தொடமாட்டேன் என்று வேதப் புத்தகத்தின் மேல் கை வைப்பார். குடிகாரன் பேச்சு விடிந்தால் போச்சு என்பார்கள். இவர் பேச்சு விடிந்த பிறகு ஆரம்பித்துப் பொழுது சாயும்போது போகும்.

அவர் குடித்துவிட்டு வரும் சத்தம் கேட்டதும் றோசலின் அக்கா இரண்டு பெண்பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு எங்கள் காம்பராவுக்கு ஓடிவருவார். என் மாமியார் காளியாயி கதவைத் தாழ் போட்டுவிட்டு உலக்கையோடு நிற்பார். அத்தை உலக்கை எடுத்தால் கங்காணியே வழி மாறிப் போவார். ஒரு தீபாவளிக்கு முதல் நாள் அந்தக் கதவையும் உதைத்துத் திறந்து உள்ளே வந்த அண்ணன், அதிரசத்துக்குப் பாகு சேர்த்துப் பிசைந்து வைத்திருந்த மாவுப் பானையைக் காலால் எத்திவிட்டார். பானை நாலு துண்டு. அந்தத் தீபாவளிக்கு எங்கள் வீட்டில் அதிரசம் இல்லை. அத்தை அவரோடு பேசுவதை அன்றோடு நிறுத்தினார். ஆனால் அவர் பிள்ளைகளுக்குச் சோறு போடுவதை ஒரு நாளும் நிறுத்தவில்லை.

சிங்களம் மட்டும் என்று சட்டம் வந்த வருஷம், முதல் நாள் குடித்த மயக்கம் தெளியாமலே கவ்வாத்துக்குப் போய் அண்ணன் தன் கெண்டைக்காலைத் தானே வெட்டிக்கொண்டார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் கிடந்தவரைப் பார்க்க அட்டனிலிருந்து உபதேசியார் வந்தார். அவருக்கு அண்ணனைவிடப் பத்து வயதாவது குறைவு. மெலிந்த ஆள். ஒரு சைக்கிள் வைத்திருந்தார். அதில் ஏறி வந்ததைவிட மலையில் அதைத் தள்ளிக்கொண்டு வந்ததுதான் அதிகம். அண்ணன் வழக்கம்போல, “ஐயா, இந்தக் குடிய எங்கிட்டயிருந்து எடுத்துப் போடச் சொல்லி ஜெபம் பண்ணுங்க” என்று அழுதிருக்கிறார்.

“அதத்தானே நீங்க வருசக் கணக்கா கேட்டுக்கிட்டு இருக்கீங்க?” என்றாராம் உபதேசியார். “கேக்கும்போதெல்லாம் குடியத்தானே நெனைக்கிறீங்க? கொஞ்ச நாளைக்குக் கேக்குறத விடுங்க. பொழுது சாஞ்சதும் குந்துங்க. அன்னைக்குக் கெடைச்சத சொல்லி ஸ்தோத்திரம் பண்ணுங்க. வேதத்துல உள்ளத சொல்ல வேணாம், அன்னைக்கு உங்க வீட்டுல, உங்க மலையில நடந்தத சொல்லுங்க. மனசுக்குள்ள சொன்னா மனசு தூங்கிரும். வாய் விட்டுச் சொல்லுங்க.”

பாவம், அந்தப் பிள்ளைக்கு அட்டனில் கூரை வரைக்கும் சுவர் வைத்த வீடு. வாய் விட்டுச் சொன்னால் எங்கள் லயத்தில் என்ன ஆகும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணன் வீடு வந்த முதல் நாள், சாயங்காலம் ஏழு மணிக்கு நாங்கள் எல்லாரும் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தோம். அடுத்த காம்பராவில் தொண்டையைக் கனைக்கிற சத்தம். “கர்த்தாவே...” என்றார் அண்ணன். ஒரு மனுஷன் தேடுகிறார், தேடுகிறார், ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியில், “இன்னைக்குக் கொழம்புல உப்பு இருந்துச்சு. உமக்கு ஸ்தோத்திரம். ஆமென்” என்றார்.

கடைசிக் காம்பரா வீரய்யா வாய்விட்டுச் சிரித்தான். அவன் சிரித்தால் மாட்டுப்பட்டியில் மாடு மிரளும். நானும் சிரித்தேன். மறுநாள் அண்ணன் மழைக்கு ஸ்தோத்திரம் சொன்னார். “மழைக்கா? என் வெறகெல்லாம் நனைஞ்சு கெடக்கு” என்று வீரய்யா கத்தினான். அதற்கு அடுத்த நாள் அவர் முணுமுணுப்பாகச் சொல்லிப் பார்த்தார். உபதேசியார் சொன்னதுபோலவே பாதியில் தூங்கிவிட்டார். குறட்டைதான் கேட்டது. றோசலின் அக்கா எழுப்பி, “சிரிச்சா சிரிக்கட்டும். நீங்க சத்தமாவே சொல்லுங்க” என்றது எங்களுக்கும் கேட்டது.

நாள் போகப் போக அவருக்குச் சொல்ல விஷயம் கிடைக்க ஆரம்பித்தது. தேடிப் பழகினால் கண்ணில் படும்போலிருக்கிறது. கை நடுங்காமல் கத்தி பிடித்ததற்கு ஸ்தோத்திரம். சின்ன மகள் மடியில் வந்து உட்கார்ந்ததற்கு ஸ்தோத்திரம். தவறணை வழியாக வராமல் ரயில் பாதை ஓரமாகச் சுற்றி வந்ததற்கு, கால் வலித்தாலும், ஸ்தோத்திரம். ஒரு நாள், “கங்காணி இன்னைக்கு என்னயத் திட்டல, ஸ்தோத்திரம்” என்றார். அந்தப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்த கங்காணி அது புகழ்ச்சியா இகழ்ச்சியா என்று புரியாமல் லயத்து வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

அப்புறம் ஆட்களின் பேர் வர ஆரம்பித்தது. அதுதான் லயத்தையே பிடித்து ஆட்டியது. அட்டை கடித்த காலுக்குச் சுண்ணாம்பு கொடுத்தவர், காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போகும்போது விழுந்த கம்பளியை எடுத்துக் கொடுத்தவர், எல்லார் பேரும் ஏழு மணிக்குக் கூரைக்குக் கீழே ஒலித்தது. தன் பேர் சாமியிடம் போகிறது என்றால் யாருக்குத்தான் கசக்கும்? ஏழு மணி ஆனால் பிள்ளைகளை அதட்டி அடக்கிவிட்டு எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். எச்சில் கையால் காக்காய் ஓட்டாத வீரய்யா தன் கோடாலியை அண்ணனுக்கு இரவல் கொடுத்தான். அன்று சாயங்காலம், “வீரய்யா கோடாலி குடுத்ததுக்கு ஸ்தோத்திரம். புடி கொஞ்சம் ஆடுது ஆண்டவரே, யார் தலையிலயும் விழாமக் காத்ததுக்கும் ஸ்தோத்திரம்” என்று கேட்டது. மறுநாள் விடிகாலையில் வீரய்யா புதுப் பிடி செதுக்கிக்கொண்டிருந்தான்.

ஒரு பேர் மட்டும் வரவே இல்லை. என் மாமியார் பேர்.

அத்தை இதை வெளியில் காட்டிக்கொள்ளவில்லை. “எனக்கென்ன, எங்க மாரியாத்தாளுக்குத் தெரியும்” என்பார். ஆனால் ஏழு மணிக்கு அவர் கையில் அகப்பை அசையாமல் நிற்கும். பிறகு அண்ணன் வீட்டுக்குக் குழம்பு கொடுத்துவிட ஆரம்பித்தார். “ருசியான கொழம்புக்கு ஸ்தோத்திரம்” என்று வந்தது, பேர் வரவில்லை. கத்தரிக்காயில் தேங்காய் அரைத்துவிட்டுக் கொடுத்தார். குழம்புக்கு ஸ்தோத்திரம் ஒன்று கூடியது, அத்தை பேர் மட்டும் மேலே ஏறவில்லை. “நன்றி கெட்ட ஜென்மம்” என்று அன்று அம்மியைப் போட்டு அத்தை அரைத்த அரைப்பில் நான் பக்கத்திலேயே போகவில்லை.

இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் போனது. அண்ணன் தவறணைப் பக்கம் போகவில்லை. பெண்பிள்ளைகளுக்குச் சட்டை புதிதாக வந்தது. றோசலின் அக்கா முகத்தில் மட்டும் பழைய பயம் போகவில்லை. அண்ணன் ஜெபம் செய்வார், அக்கா ‘ஆமென்’ என்று மட்டும் மெதுவாகச் சொல்வார். ஒரு நாள் பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது நான் கேட்டேன், “ஏங்க்கா, நீங்க ஒரு வார்த்தையாச்சும் ஸ்தோத்திரம் சொல்லக்கூடாதா?” என்று.

“வாய் வரைக்கும் வருது தங்கச்சி” என்றார். “நான் சொன்ன அன்னைக்கே மறுபடி குடிச்சிட்டு வந்துருவாரோன்னு பயம். எத்தன வாட்டி நம்பி ஏமாந்துருக்கேன். வெளியூரு போக எனக்குத் தைரியம் இல்ல.”

அந்த மழைக்காலத்தில் கினிகத்தேனையில் இருக்கிற அக்காவின் தங்கைக்குப் பிரசவம் என்று ஆள் வந்தது. போகாமல் முடியாது. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறப் புறப்பட்டவர் எங்கள் வாசலில் நின்றார். “அக்கா...” என்று தன் காம்பராவைத் திரும்பிப் பார்த்தார்.

“போயிட்டு வா புள்ள” என்றார் அத்தை. “காத இங்கனதான் வச்சிருப்பேன்.”

முதல் இரண்டு நாள் ஜெபம் ஒழுங்காக நடந்தது. மூன்றாம் நாள் பனிமூட்டம் இறங்கி, எதிர்மலை தெரியவில்லை. அண்ணனுக்கு அன்று யாரும் ஒரு கெடுதலும் செய்யவில்லை, துக்கமும் வரவில்லை. வேலை முடிந்து வந்தால் அடுப்பு எரியாத காம்பரா, பேசுவதற்கு ஆள் இல்லை, குளிர் எலும்பைத் தொடுகிறது. அவ்வளவுதான். பின்னாளில் அவரே சொன்னது இது. சொல்லும்படியான ஒரு காரணமாவது இருந்திருக்கலாம் என்று வெட்கப்பட்டார்.

சாயங்காலம் எங்கோ வெளியே போய்விட்டு அவர் திரும்பி வந்தபோது தலைக் கம்பளியை இழுத்து மூடியிருந்தார். உள்ளே போனார். அம்மிக்கல்லில் கண்ணாடி பட்ட சத்தம் ‘டிங்’ என்று கேட்டது.

தோட்டத்தில் பிறந்த எவளுக்கும் அது என்ன சத்தம் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மனுஷனை அந்த நிமிஷம் வெறுத்தே போனேன். சுவருக்கு மேலாக நாலு வார்த்தை கேட்க வாயைத் திறந்தேன். அத்தை என் கையைப் பிடித்து அழுத்தினார்.

ஏழு மணி ஆயிற்று. அடுத்த காம்பராவில் சத்தம் இல்லை. லயம் காத்திருந்தது. சோற்றுப் பானை கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

“என்னா யேசுரட்ணம்ணே” என்று ஒன்றும் தெரியாத வீரய்யா அந்தக் கோடியிலிருந்து குரல் கொடுத்தான். “இன்னைக்கு எங்க பேரெல்லாம் மறந்து போச்சா?”

தொண்டையைக் கனைத்தார் அண்ணன். “கர்த்தாவே, இன்னைக்கு வேல கெடைச்சதுக்கு ஸ்தோத்திரம். மழ விட்டதுக்கு ஸ்தோத்திரம். வீரய்யா...” என்று ஒப்பிக்கிற பிள்ளை மாதிரிச் சொல்லிக்கொண்டே வந்தவர் நின்றுவிட்டார். பிறகு வந்தது வேறு குரல்.

“பொய் சொல்றேன் ஆண்டவரே. என் முன்னால ஒரு போத்தல் இருக்கு. இன்னும் தொறக்கல. தொறக்காம இருக்கிற இந்த நிமிசத்துக்கு உமக்கு ஸ்தோத்திரம். அடுத்த நிமிசம் எப்புடின்னு எனக்குத் தெரியாது.”

வீரய்யாகூடச் சிரிக்கவில்லை.

“இன்னும் ஒண்ணு இருக்கு” என்றார் அண்ணன். “காளியாயி அக்கா பேர நான் ஒரு நாளும் சொன்னதில்ல. அவங்க பேர எடுத்தா, அவங்களுக்கு நான் பண்ணின அக்கிரமத்தையும் சொல்லணுமே. இத்தன பேரு கேக்க எப்புடிச் சொல்றதுன்னு வாய் வரல. அவங்க பானைய ஒடச்சேன். பண்டிகையக் கெடுத்தேன். நான் தெருவுல கெடந்தப்ப என் புள்ளைங்க அவங்க பாயிலதான் படுத்துச்சுக. அவங்க கதவத் தொறந்து விட்டதுக்கு உமக்கு ஸ்தோத்திரம் ஆண்டவரே. இல்லாட்டி இன்னைக்கு எனக்குக் குடும்பமே இருந்துருக்காது.”

நான் அத்தையைப் பார்த்தேன். எப்போதும் யாரையாவது ஏசுகிற அந்த வாய் கோணிக்கொண்டு போனது. முந்தானையால் மூக்கைத் துடைத்தார். உடனே மூலையில் கிடந்த பழைய தேயிலைப் பெட்டியைச் சுவரோரம் இழுத்துப் போட்டு அதன்மேல் ஏறினார். பெட்டி முனகியது. நான் ஓடிப்போய் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன்.

“டேய்” என்று சுவருக்கு மேலாகக் கையை நீட்டினார். “அதக் குடு இங்க.”

அத்தை நீட்டிய கையை இழுக்கவில்லை. எனக்கு அவரைத் தாங்கிப் பிடித்துத் தோள் கடுத்துவிட்டது. கடைசியில் போத்தல் மேலே வந்தது, அத்தை வாங்கிக்கொண்டார்.

“அக்கா” என்றான் வீரய்யா, “அநியாயமாக் கொட்டிறாதீங்க. இந்தக் கோடியிலயும் சனம் இருக்கு.”

“வாயில சாம்பல அள்ளிப் போட்டுருவேன்” என்றார் அத்தை. இறங்கிப் போய் வாசல் கானில் தலைகீழாகக் கவிழ்த்தார். அந்த வாடை கூரைக்குக் கீழே எல்லாக் காம்பராவையும் ஒரு சுற்றுச் சுற்றிப் போனது. திரும்பி வந்து மறுபடி பெட்டியில் ஏறி, ஒரு சட்டி ரசம் சோற்றைச் சுவருக்கு மேலாகக் கொடுத்தார். பெட்டியிலிருந்து இறங்கவில்லை. அங்கேயே நின்று, இரண்டு கையையும் சேர்த்து, லயம் முழுக்கக் கேட்கிற மாதிரி, “மாரியாத்தா, இந்தப் பய இன்னைக்குக் குடிக்கல தாயே. நீ நல்லாருப்ப” என்றார்.

அந்தப் பக்கத்திலிருந்து வாய் நிறையச் சோற்றோடு, “ஆமென்” என்று பதில் வந்தது.

லயமே சிரித்தது. அண்ணனும் சிரித்தார். அத்தைக்கு மட்டும் எதற்குச் சிரிக்கிறோம் என்று புரியவில்லை. மாரியாத்தாளுக்கு ஆமென் சொன்னது பாவமா என்று அண்ணன் அடுத்த ஞாயிற்றுக்கிழமை உபதேசியாரிடமே கேட்டுவிட்டார். அவர் வெகுநேரம் தலையைச் சொறிந்துவிட்டு, “அந்த அம்மாவுக்கு என் ஸ்தோத்திரத்தையும் சொல்லுங்க” என்றாராம்.

றோசலின் அக்கா ஊரிலிருந்து வருகிற நாளில் இந்தக் கதையை முதலில் சொல்ல வேண்டும் என்று வீரய்யா மலையிலிருந்து சீக்கிரமாகவே வந்து வாசலில் குந்தியிருந்தான். ஆனால் அண்ணன் அவனை முந்திக்கொண்டார். பஸ் நிற்கிற இடத்துக்கே போய், மூட்டையை வாங்குவதற்கு முன்னால் சொல்லிவிட்டார். அக்கா படியேறி வந்தபோது முகம் வெளுத்திருந்தது. தன் காம்பராவுக்குப் போகாமல் நேரே எங்கள் வாசலுக்கு வந்தார்.

“அக்கா, நெசமா?”

“வாங்கினான். குடிக்கல” என்றார் அத்தை. “ரெண்டும் நெசம்.”

அக்கா தலையாட்டினார். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தன் காம்பராவுக்குள் போனார். அடுப்பு மூட்டுகிற சத்தம் கேட்டது. அன்று ஏழு மணிக்கு நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். அண்ணன் தொண்டையைக் கனைப்பதற்கு முன்னால், அதுவரைக்கும் ஜெபத்தில் ‘ஆமென்’ தவிர வேறெதுவும் சொல்லாத பெண்குரல் சுவருக்கு மேலாக வந்தது.

“கர்த்தாவே, போத்தல் வாங்கினத என்கிட்ட மறைக்காமச் சொன்னாரு. அதுக்கு உமக்கு ஸ்தோத்திரம்.”

அவ்வளவுதான் சொன்னார். அதற்குப் பிறகு விம்மல் கேட்டது. அதை அடக்க அவர் முயற்சி செய்யவும் இல்லை.

அத்தை என் பக்கம் திரும்பி, “இப்பத்தான் அந்தப் புள்ள மூச்சு விடுது” என்றார்.